கம்பளிக்குள் எரிந்த கம்பி

ஜிபார் மிக் வெல்டிங் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்றதும் முதலில் சிரித்தவன் அவளுடைய கொழுந்தன் மெதெர். பட்டறை அவனுடையது, மெஷினும் அவனுடையது. ஆகவே சிரிக்கிற உரிமையும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான்.

“ஏன் அண்ணி, ரோட்டோரமா புகை போட்ட மீனை வித்துக்கிட்டு நிம்மதியா இருக்கக் கூடாதா? உங்க பேருக்குக் கஸ்தூரின்னு அர்த்தம். பக்கத்துல வந்தா மீன் வாடை. இன்னும் இரும்பு கருகின வாடை வேற சேரணுமா?”

“அந்த மீன் வாடையைப் புடிச்சுக்கிட்டுத்தானே தெனமும் மத்தியானம் என் அடுப்படிக்கு வர்ற, சுருட்டை?”

அந்த ஊர் வழக்கத்தில் கொழுந்தன் பெயரை அண்ணி வாயால் சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த அன்றே அவன் தலைமுடியைப் பார்த்து அவள் வைத்த பெயர் சுருட்டை. இப்போது அவன் உச்சந்தலையில் முடியே இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஆசை எப்படி வந்தது என்று கேட்டால் ஜிபாருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒருநாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது உதிரி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சும்மா எட்டிப் பார்த்தாள். கருங்கண்ணாடிக்குள் ஒரு சின்ன வெளிச்சக் குட்டை நகர்ந்தது. அதன் முன்னால் இரண்டு இரும்பு, பின்னால் ஒரே இரும்பு. அன்று மாலை ஏரிக்கரைச் சாலையில் நின்று மீனைத் தூக்கிக் காட்டி வண்டிகளை மறித்தபோதும் அந்தக் குட்டைதான் கண்ணுக்குள் நகர்ந்துகொண்டிருந்தது.

லாரி ஓட்டுகிற புருஷன் தலாய் போனில், “எனக்கென்ன, அம்மாகிட்ட கேளு,” என்றான். மாமியார் உம்சுனாய் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

“நௌரூஸ் வரைக்கும் வெளையாடு. அதுக்கப்புறம் மீன் கடை. இரும்பு அடிக்கிற மருமகள நான் கேட்டு வாங்கல.”

மெதெர் இதைக் கேள்விப்பட்டு வேறொரு முடிச்சுப் போட்டான். தெருவின் பழைய மர ஊஞ்சல் போன வருஷம் இற்று விழுந்துவிட்டது. இந்த நௌரூஸ் வசந்தப் பண்டிகைக்கு இரும்பில் செய்து தரும்படி தெருக்காரர்கள் அவனிடம் கேட்டிருந்தார்கள்.

“ஊஞ்சலை நீங்களே பண்ணுங்க அண்ணி. மொதல் பத்தவைப்புலருந்து கடைசிப் பத்தவைப்பு வரைக்கும் உங்க கை. அது நின்னா, பட்டறையில உங்களுக்குன்னு ஒரு மாஸ்க், ஒரு மேசை. நான் அம்மாகிட்ட பேசறேன். நிக்கலைன்னா மீன் கடை. அப்புறம் என் முன்னாடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

“உன் அம்மாகிட்ட நீ பேசவே வேண்டாம். ஊஞ்சல் பேசட்டும்.”

சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்குக் கை ஒத்துழைக்கவில்லை.

முதல் நாள் வெல்டிங் டார்ச்சின் விசையை அழுத்தியதும் கம்பி சரசரவென்று வெளியே ஓடி, இரும்பில் முட்டி, கையையே பின்னுக்குத் தள்ளியது. ஓட்டத்தைக் குறைத்தாள். இப்போது கம்பி டார்ச்சின் வாயிலேயே உருகி ஒட்டிக்கொண்டது. மறுநாள் தீப்பொறி பறந்தது, பற்று மட்டும் விழவில்லை. எர்த் கிளாம்பை, கரண்ட் போகவிடாத பெயின்ட்டின் மேல் மாட்டியிருந்தாள். அதற்கடுத்த நாள் எல்லாம் சரியாக இருந்தும் பற்று முழுக்கப் புளித்த மாவு மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. மெதெர் போய் கேஸ் சிலிண்டர் வால்வைத் திறந்துவிட்டு வந்தான்.

“காத்து இல்லாம நாம சாவோம். இதுக்கு அந்தக் காத்துதான் எமன். உருகின இரும்பு மேல இந்த கேஸு ஒரு போர்வை மாதிரி மூடியிருக்கணும். போர்வை விலகுச்சுன்னா இரும்பு நொரைச்சுப் போகும்.”

“இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?”

“மொதல்லயே சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. இப்ப மறக்கமாட்டீங்க.”

அவனுக்குச் சொல்லத் தெரியாதது ஒன்று இருந்தது. மெஷினை எந்த அளவில் வைக்க வேண்டும் என்று கேட்டால், “சத்தம் வரும் அண்ணி, நல்ல சத்தம்,” என்பான். என்ன சத்தம் என்று கேட்டால் வாயைக் குவித்து ஏதோ ஊதிக் காட்டுவான். அதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். ஒருநாள் மெஷினின் குமிழைத் துளித் துளியாகத் திருப்பிக்கொண்டே வந்தபோது வெடிப்பும் திக்கலும் அடங்கி, ஒரே சீராகப் பொரிகிற ஓசை வந்தது. ஜிபார் அப்படியே நின்றாள். இந்த ஓசை அவளுக்குத் தெரியும். எண்ணெய் சரியான சூட்டில் இருக்கும்போது, மாவு புரட்டிய மீனைப் போட்டால் வருகிற ஓசை. சூடு பற்றாவிட்டால் அது முனகும், மிஞ்சிப்போனால் சீறும். இத்தனை வருஷம் அடுப்பு முன்னால் கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் இந்தக் கொழுந்தன் ஊதிக் காட்டியிருக்கிறான்.

அதற்குப் பிறகு வேலை வசப்பட்டது. வெளிச்சத்தைப் பார்க்காமல் அதன் பின்னால் வருகிற உருகிய இரும்புக் குட்டையைப் பார்க்கப் பழகினாள். துருவைச் சுரண்டாமல் எதையும் தொடக் கூடாது என்று பழகினாள். பழைய தண்ணீர்க் குழாய்களை வெட்டி, ஊஞ்சலைத் தாங்க, மூன்று கால்கள் உச்சியில் கூடுகிற இரண்டு பெரிய முக்காலிகள் செய்து முடித்தபோது, மெதெர் சம்மட்டியால் ஒவ்வொரு கணுவிலும் ஓங்கி அடித்தான். எதுவும் அசையவில்லை. அவன் பாராட்டவில்லை. பட்டறைக் கூட்டாளியிடம் கேட்பதுபோல அவளிடம் ஒரு சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டான். அதுவே பெரிது.

மிச்சமிருந்தது குறுக்குக் குழாய் மட்டும். முக்காலிகள் இரண்டையும் அதுதான் சேர்க்க வேண்டும், ஊஞ்சலின் பாரம் முழுவதும் அதன் மேல்தான். அதைப் பூட்டிவிட்டால் ஊஞ்சல் பட்டறைக் கதவு வழியாக வெளியே வராது. எனவே நௌரூஸ் காலையில், ஊஞ்சல் நிற்கப்போகிற தெருத் திடலிலேயே பற்றவைப்பது என்று முடிவானது. சிலிண்டரும் மெஷினும் கைவண்டியில் வந்தன. கரண்ட் திடலை ஒட்டியிருந்த துர்துபெக் வீட்டிலிருந்து வந்தது. அந்த மனிதர் நாற்காலியையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

“என் வீட்டு கரண்ட்டு. எங்க போவுதுன்னு நான் பாக்க வேணாமா?”

திடலின் மறுபக்கம் பெண்கள் பண்டிகைக்கான கம்பளிக் கூடாரத்தை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். உம்சுனாய்தான் அதற்குத் தலைவி. மரச்சட்டத்தை நிறுத்தியாகிவிட்டது. வெள்ளைக் கம்பளிச் சுருள்கள் கட்டப்படக் காத்துக் கிடந்தன. அவற்றில் பெரியது உம்சுனாய் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. நல்ல நாள் தவிர அதை யாரும் பிரிக்கக் கூடாது.

முக்காலிகளைத் தரையில் படுக்கவைத்து நடுவில் குறுக்குக் குழாயைச் செருகினார்கள். ஜிபார் மண்டியிட்டு, மாஸ்க்கை இறக்கி, விசையை அழுத்தினாள். பொரிகிற ஓசை சீராக எழுந்தது. குட்டை நகர்ந்தது. விரல் நீளம்கூடப் போயிருக்காது, மலைக்கணவாய்ப் பக்கமிருந்து உலான் காற்று இறங்கியது.

அந்த ஏரிக்கரை ஊரான பலிக்சியில் உலான் அடிப்பது அதிசயமில்லை. ஆனால் அவள் இதுவரை நான்கு சுவருக்குள்ளேயே பற்றவைத்தவள். ஓசை உடைந்தது. சீறியது, திக்கியது, மறுபடி சீறியது. மாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தால், பற்று கடற்பஞ்சு மாதிரி துளை துளையாகிப்போயிருந்தது.

மெதெர் கேஸைக் கூட்டிவிட்டான். ஜிபார் கிரைண்டரை எடுத்துக் கெட்டுப்போனதையெல்லாம் தேய்த்தெறிந்துவிட்டு மறுபடி பற்றவைத்தாள். மறுபடியும் பஞ்சு.

“இது இரும்பா ரொட்டியா?” என்றார் துர்துபெக். “ரொட்டின்னா சொல்லும்மா, வெண்ணெய் கொண்டாரச் சொல்றேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மெதெர் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்தான்.

“அண்ணி, தப்பு உங்க மேல இல்ல. இந்த மெஷினு காத்துல நிக்காது. வீட்டுல பழைய ராடு மெஷின் இருக்கு. அதுக்கு கேஸே வேணாம், காத்தடிச்சாலும் ஒண்ணுதான், அடிக்காட்டியும் ஒண்ணுதான். எடுத்தாந்து நானே முடிச்சுர்றேன்.”

“கடைசிப் பத்தவைப்பு வரைக்கும் என் கைன்னு சொன்னே.”

“சொன்னேன். பிள்ளைங்க ஏறப்போற ஊஞ்சல் அண்ணி.”

பிள்ளைகள் ஏறுகிற ஊஞ்சலில் வீம்புக்கு இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும். கூடாரத்துப் பக்கமிருந்து மாமியார் பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் உறைத்தது. மெதெர் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினான்.

ஜிபார் திரும்பிக் கூடாரத்தைப் பார்த்தாள். வெறும் சட்டத்துக்குள் காற்று புகுந்து மறுபக்கம் போனது. ஒரே ஒரு பக்கம் கம்பளி கட்டியிருந்தது. அந்தக் கம்பளிக்குப் பின்னால் தேநீர் கொதிக்கும் சமோவாரின் புகை நேராக, ஒரு கோடு மாதிரி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

எழுந்து மாமியாரிடம் போனாள்.

“அத்தை, கம்பளி வேணும்.”

“எந்தக் கம்பளி?”

“எல்லாம். கட்டினதையும் அவுக்கணும். உங்க வெள்ளையும் வேணும். அதுதான் கனம்.”

பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். பண்டிகைக் கூடாரத்தை அவிழ்ப்பதா? உம்சுனாய் மருமகளின் கரிபடிந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு திடலைத் தாண்டி, மருமகளின் வேலையை ரொட்டி என்று கேலி செய்துவிட்டு நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த துர்துபெக்கைப் பார்த்தாள்.

“பொறி விழுமா?”

“விழும் அத்தை. ஓட்டையும் விழும். நெருப்புப் புடிக்காது, கருகும்.”

“கம்பளி கருகும்னு எனக்குப் பாடம் எடுக்கறியா?” என்றாள் உம்சுனாய். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். “என்னடி மரம் மாதிரி நிக்கிறீங்க? அவுருங்க. காத்து வர்ற பக்கம் என் வெள்ளையை ரெண்டு மடிப்பாப் புடிங்க. கீழ இடுக்கு விடாதீங்க, மண்ணத் தள்ளுங்க. மேல தெறந்திருக்கட்டும், உள்ள இருக்கறவ மூச்சு விடணும்.”

தெருவின் பெண்கள் எல்லாரும் கம்பளிகளைத் தோளுக்கு மேல் பிடித்துக்கொண்டு ஜிபாரைச் சுற்றி வளையமாக நின்றார்கள். ஒருத்தி கெட்டிலைக் கொண்டுவந்து கம்பளியின் உள்பக்கம் தண்ணீர் தெளித்தாள். பாதி வழியில் திரும்பி ஓடிவந்த மெதெர், தண்ணீரைப் பார்த்து, ஷாக் அடிக்கும் என்று திட்டிக்கொண்டே ஒரு காய்ந்த பலகையை அண்ணியின் முழங்காலுக்குக் கீழே தள்ளினான்.

“எல்லாரும் மூஞ்சிய வெளிப்பக்கம் திருப்புங்க,” என்றாள் ஜிபார். “வெளிச்சத்தப் பாத்தா கண்ணு வெந்துரும், அப்புறம் உருளைக்கிழங்கத் துருவிக் கண்ணுல கட்டிக்கிட்டுக் கெடக்கணும்.”

“நீ உன் வேலையப் பாரு,” என்றாள் மாமியார், முதுகைக் காட்டியபடி.

கம்பளிக்குள் காற்று செத்துப்போயிருந்தது. கெட்டதைத் தேய்த்தெறிந்துவிட்டு அவள் விசையை அழுத்தினாள். வெளியே உலான் ஊளையிட்டது, உள்ளே மீன் பொரிந்தது. குட்டை உருண்டு, ஓரம் இரண்டையும் நனைத்துக்கொண்டு, அவள் கைக்குக் கட்டுப்பட்டு வந்தது. கம்பளி கருகும் வாடை, முடி பொசுங்கினாற்போல மூக்கில் ஏறியது. ஒரு பக்கம் முடிந்ததும் வளையம் மொத்தமும் நகர்ந்து மறுமுனைக்குப் போனது. ஆண்கள் குழாயைப் புரட்டிக்கொடுத்தார்கள். யாரோ ஒருத்தி, “கை மரத்துப்போச்சு,” என்றாள். “புள்ள பெத்தப்போ இதவிடக் கத்தின, ஆனா விட்டுட்டா ஓடின? புடி,” என்று உம்சுனாய் அடக்கினாள்.

மாஸ்க்கைத் தூக்கியபோது ஜிபாருக்கு முதலில் பார்க்கவே பயமாக இருந்தது. பிறகு பார்த்தாள். அடுக்கி வைத்த காசுகளைச் சாய்த்துவிட்டது மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று படிந்த சீரான அலைகள். ஒரு துளைகூட இல்லை. மெதெர் குனிந்து நெடுநேரம் பார்த்தான். சம்மட்டியை எடுத்துத் தன் பலம் முழுவதையும் சேர்த்து அடித்தான். குழாய் மணி மாதிரி ஒலித்தது.

“என் பத்தவைப்பே இவ்வளவு அழகா வராது,” என்றான் மெதுவாக.

“சத்தமாச் சொல்லு சுருட்டை, காத்து அடிக்குது.”

கயிறு கட்டி ஊஞ்சலை நிமிர்த்தினார்கள். கால்களைக் குழிகளில் இறக்கி, கல் போட்டு இறுக்கினார்கள். சங்கிலியும் பலகையும் மாட்டியாகிவிட்டது. யாரும் ஏறவில்லை. பிள்ளைகளைத் தாய்மார்கள் சட்டையைப் பிடித்து இழுத்து வைத்திருந்தார்கள்.

“பண்ணவங்க ஏறட்டும்,” என்றார் துர்துபெக்.

ஜிபார் ஏறினாள். அந்த ஊர் ஊஞ்சலில் பலகை மேல் எதிரெதிரே இரண்டு பேர் நிற்க வேண்டும். இன்னொரு முனை காலியாக இருந்தது. உம்சுனாய் ரப்பர் கலோஷ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எதிரே ஏறினாள். அவள் சிறிய உடம்புக்காரி இல்லை.

“தள்ளுங்கடா,” என்றாள்.

ஊஞ்சல் எழும்பியது. ஒருமுறை ஏரி தெரிந்தது, மறுமுறை மலை தெரிந்தது. குறுக்குக் குழாய் முனகவில்லை. மேலே போகும்போது உம்சுனாய் மருமகளின் காதுக்குக் கேட்கிற மாதிரி, “மீன் கடைய உன் ஓர்ப்படிகிட்ட குடுத்துரலாம். அவ வாய்க்கு வண்டி நிக்கும்,” என்றாள். ஜிபார் முழங்காலை மடக்கி இன்னும் வேகமாக உந்தினாள்.

இறங்கியபோது துர்துபெக் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றிருந்தார்.

“ஏம்மா, என் வீட்டு கேட்டு கீல் ஒண்ணு விட்டுப்போச்சு. எப்ப வந்து பாப்ப?”

“பட்டறைக்கு வாங்க அண்ணாச்சி. என் மேசை கதவுக்கு வலது பக்கம்.”

கம்பளிகளைக் கூடாரத்துக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். உம்சுனாயின் வெள்ளையில், பொறி விழுந்த இடமெல்லாம் பொட்டு வைத்தாற்போல் கருகிய துளைகள். ஒரு பெண் சங்கடத்துடன் அதைச் சுருட்டி, “இதப் பின்பக்கம் கட்டிடறோம் அத்தை, யாரு கண்ணுக்கும் படாது,” என்றாள்.

“பின்பக்கமா?” உம்சுனாய் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். ரோட்டைப் பார்த்த பக்கம் நடந்து, வாசலை ஒட்டி, ஆள் குனிந்து நுழையும்போது கண்ணில் படுகிற உயரத்தில் ஓட்டைகள் வருகிற மாதிரி பிடித்துக் காட்டினாள்.

“இங்க கட்டு. கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்.”