சாயங்காலம் சூடாகாத அடுப்பு

1

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்பில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1986. கோவில்பட்டியில் நான் ஆங்கில வாத்தியார். அடுத்த வீட்டுக் கல்யாணசுந்தரி ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மைக்ரோவேவ் அடுப்போடு வந்த புத்தகம். கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டிருந்தது: ஒரு பக்கம் கோளாறு, எதிர்ப்பக்கம் செய்ய வேண்டியது.

"சார், இந்தப் பக்கத்த மட்டும் தமிழ்ல எழுதித் தாங்க. அவியளுக்குத் தெரியாண்டாம்."

'அவிய' என்றது கணவர் ராஜமணியை. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார்.

2

கரிசல் மண் வெடித்துக் கிடந்த ஒரு கோடையில்...

(அடித்துவிட்டேன். அது ஐப்பசி. மழை பெய்து தெருவெல்லாம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது.)

கோவில்பட்டிக்குள் விஞ்ஞானம் நுழைந்த அன்று...

(இதையும் அடித்துவிட்டேன். இது அண்ணன் தம்பி கதை.)

தம்பி செல்லத்துரை சிங்கப்பூரில் வேலை பார்த்தார். நான்கு வருஷத்துக்கு முன் அப்பா இறந்தபோது, "வருகிறேன், காத்திருங்கள்" என்று தந்தி கொடுத்திருந்தார். ராஜமணி காத்திருக்கவில்லை. மதியத்துக்குள் காரியத்தை முடித்துவிட்டார். மறுநாள் வந்து இறங்கிய தம்பி வீட்டுக்குள் ஏறாமல், வாசலில் நின்று அழுதுவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அதன்பிறகு கடிதம் கிடையாது.

1986 ஆடியில்தான், ஊருக்கு வந்த யாரோ ஒருவர் மூலம் ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே இந்த அடுப்பு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'மதினிக்கு.' அண்ணன் பெயர் இல்லை. ஆனாலும் ராஜமணி அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார்.

இப்போது செல்லத்துரையே வருகிறார். சனிக்கிழமை என்று ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தார். அடுப்போ சூடாக்க மாட்டேன் என்கிறது.

3

கல்யாணசுந்தரி என்னிடம் மட்டும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். முதல் தடவை, ஒரு காலையில், எவர்சில்வர் தம்ளரை உள்ளே வைத்துவிட்டாராம். படபடவென்று தீப்பொறி. பயந்துபோய் அணைத்துவிட்டார். பிறகு போட்டபோதெல்லாம் விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, தண்ணீர் மட்டும் சுடவில்லை.

"நாந்தான் கெடுத்துட்டேன் சார். நாலு வருசம் கழிச்சு மனசு எறங்கி அனுப்பினாவ. வேணும்னே போட்டு ஒடைச்சோம்னு நெனச்சிரமாட்டாவளா?"

வியாழக்கிழமை சாயங்காலம், ராஜமணி கடையில் இருந்த நேரத்தில், ரேடியோ மெக்கானிக் மாயகிருஷ்ணனை அழைத்துவந்தேன். நான் புத்தகத்தை வாசிக்க வாசிக்க அவர் பார்த்தார்.

பிளக் சரியாக இருக்கிறதா? இருக்கிறது. கதவு நன்றாகச் சாத்துகிறதா? சாத்துகிறது. உள்ளே உணவு தெறித்துக் கருகியிருக்கிறதா? ஈரத்துணியால் துடைத்தார், கருகல் இல்லை. உள்ளே உலோகப் பாத்திரம்? கண்ணாடித் தம்ளர்தான். இரண்டு நிமிஷம் ஓடிய பிறகும், தண்ணீர் வெயிலில் வைத்த மாதிரிதான் இருந்தது.

"கழட்டிப் பாத்திரலாமா?" என்றேன்.

"மாட்டேன் சார். பிளக்க உருவுனாலும் உள்ள கரண்ட் நிக்கும், தொறக்கக்கூடாதுன்னு நீங்கதான வாசிச்சீங்க? எனக்கு ரெண்டு பொம்பளப்பிள்ளைய இருக்கு."

(இந்த மாயகிருஷ்ணன் ஒரு பயந்தாங்கொள்ளியோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். முதல் பிரதியில் அவர் பெட்டியைத் திறந்து, அறுந்த ஒரு வயரைப் பற்றவைத்து, ஊரே கைதட்ட... வேண்டாம். திருப்புளியைத் திரும்பப் பைக்குள் போட்ட ஆளைத்தான் நான் பார்த்தேன். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.)

தலைக்குமேல் சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்த கல்யாணசுந்தரி மாயகிருஷ்ணனிடம் சொன்னார்.

"தம்பி, அதுவும் இந்நேரத்துக்கு இப்படித்தான் சொணங்கிச் சுத்துது. காலையில நல்லா ஓடும்."

மாயகிருஷ்ணன் மீட்டரை எடுத்துப் பிளக் பாயின்ட்டில் வைத்தார். இருநூற்று முப்பது வோல்ட் காட்ட வேண்டிய முள் நூற்று அறுபதில் நின்றது.

"நீங்க எப்பவும் சாயங்காலந்தான் போட்டுப் பாத்தீங்களாக்கா?"

"மொத நாளத் தவிர எப்பவும் சாயங்காலந்தான். பகல்ல அவிய சாப்பிட வந்துருவாவளே. அவிய முன்னால போடப் பயம்."

"அப்ப அடுப்புல கோளாறு இல்ல. கரண்டுக்குத்தான் தெம்பில்ல. வெளக்கெரிக்கவும் தட்டச் சுத்தவும் இது போதும், சூடேத்தப் பத்தாது. நாளைக்குக் காலையில போட்டுப் பாருங்க."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் கொதித்தது. கல்யாணசுந்தரி தம்ளரைத் தொட்டுக் கையை உதறிக்கொண்டார். சிரித்தார். சுடும் என்று தெரிந்தும் இன்னொரு தடவை தொட்டார்.

4

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அன்று மதியம் அவர் எல்லாவற்றையும் கணவரிடம் சொல்லிவிட்டார். ராஜமணி கோபப்படவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, "அவன் வாரது சாயங்கால பஸ்ஸுல்லா?" என்றார். பிறகு பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினார்.

முடிவுகள்:

அ) மாயகிருஷ்ணன் எங்கிருந்தோ ஒரு பெரிய ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு வருகிறார். (வரவில்லை. அவரிடம் இருந்தது டி.வி.க்கானது. இந்தச் சுமையைத் தாங்காது.)

ஆ) செல்லத்துரை வரும் நேரத்தில் தெருவுக்கே கரண்டு போய்விடுகிறது, எல்லோரும் தப்பித்து... (வசதியான முடிவு. ஆனால் அன்று போகவில்லை.)

5

நடந்தது இது. புத்தகத்தை வாசிக்க வேண்டி வந்தாலும் வரும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆறரைக்குச் செல்லத்துரை பையோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே ஏறவில்லை. ராஜமணியும் படியிறங்கவில்லை. இருவரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையில் தண்ணீர்ச் செம்போடு கல்யாணசுந்தரிதான் முந்திக்கொண்டார்.

"தம்பி, நீங்க அனுப்புன அடுப்பு பகல்லதான் சூடாகுது. சாயங்காலமானா ஆறிப்போவுது. கோவிச்சிக்கிடாதீங்க."

செல்லத்துரை அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கண்ணனும் அப்படித்தான மதினி. பகல்லதான் சூடு. சாயங்காலமானா ஆறிப்போவாவ. அதனாலதான மெனக்கெட்டு சாயங்கால பஸ்ஸுல வந்தேன்."

ராஜமணி இறங்கிப் போய்த் தம்பி கையிலிருந்த பையை வாங்கினார். வாங்கிக்கொண்டே, அந்தத் தந்தியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

அதற்குப்பின் தம்பி பதினோரு நாள் தங்கியதையும், தினமும் காலை பத்து மணிக்கு அடுப்பில் எதையாவது சூடாக்கி எனக்கும் கொடுத்தனுப்பியதையும் என்னால் எழுத முடியும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முடியவில்லை. ஒன்பது தடவை எழுதிப் பார்த்தேன். ஒன்பதும் வாத்தியார் பேசுகிற மாதிரியே இருந்தது. உங்களுக்கும் அண்ணனோ தம்பியோ இருக்கலாம். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ராஜமணி சொன்னார்: "..........................................."

அதைக் கேட்ட பிறகுதான் செல்லத்துரை செருப்பைக் கழற்றினார்.