மீதி மூன்று நாள்

ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. வயிற்றில் ஒன்று தங்கினால் கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்று திருச்செந்தூரில் நின்று வேண்டிக்கொண்டவள் காயத்ரி. மகளுக்கு நான்கு மாதம் முடிந்த கையோடு சஷ்டி வந்துவிட்டது.

"பால் குடுக்குறவ நீ. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அருள் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஜெனரல் ஷிஃப்ட் பார்க்கும் தன் புருஷனுக்கு விரதத்தைப் பற்றி என்ன தெரியும்? பதினொரு மணிக்கு வடை வரத் தாமதமானால் முகம் தொங்கிப்போகிறவன்.

முதல் நாள் சுலபமாகத்தான் போனது. இரண்டாம் நாள் தலை கனத்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. மூன்றாம் நாள் காலை குழந்தை மாரில் வாய் வைப்பதும், விட்டுவிட்டு வீறிடுவதுமாக இருந்தது. விடிந்ததிலிருந்து ஒரு துணிகூட நனையவில்லை. அப்போதுதான் காயத்ரிக்குப் பயம் பிடித்தது. எழுந்திருக்கப் போனவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெறும் வயிற்றோடு நாலு தடவை வாந்தி. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கியது.

கீழ் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நர்ஸ் கலியம்மாள் அழுகைச் சத்தம் கேட்டு மேலே வந்தாள்.

"இன்னாம்மா இது? கொழந்த கத்திக்கினு கெடக்கு, நீ சுருண்டுக்கினு ஒக்காந்திருக்க?"

"விரதம்க்கா. இன்னிக்கு மூணாவது நாள்."

கலியம்மாள் குனிந்து பார்த்தாள். காயத்ரியின் மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை அடித்தது.

"ஒன் வூட்டுக்காரருக்கு போன் போடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும், இப்பவே."

ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர் சண்முகப்பிரியா உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். இரண்டு பாட்டில் இறங்கிய பிறகு காயத்ரிக்கு மூச்சு நிதானப்பட்டது.

"மத்தவங்க பட்டினி கெடக்கறதும் நீங்க கெடக்கறதும் ஒண்ணில்லம்மா" என்றார் டாக்டர். "உங்க உடம்புல இருக்கிற சத்தையெல்லாம் பால் இழுத்துக்குது. உள்ள ஒண்ணும் போகலைன்னா உடம்பு கொழுப்பைக் கரைச்சுக்கிட்டே போகும், ரத்தத்துல அமிலம் ஏறிடும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உசுருக்கே ஆபத்து."

"பாப்பாவுக்கு?"

"நீர்ச்சத்துதான் கொறஞ்சிருக்கு. இப்போதைக்குப் பவுடர் பால் குடுக்கறோம். நீங்க நல்லா சாப்பிட்டா உங்க பாலே திரும்பிடும்."

காயத்ரிக்குக் கண்ணீர் முட்டியது. "வேண்டுதலைப் பாதியில விட்டுட்டேனே."

"விடல" என்றான் அருள். "மூணு நாள் நீ இருந்துட்ட. மீதி மூணு நாள் நான் இருக்கேன். பிள்ளை நம்ம ரெண்டு பேருக்கும்தானே பொறந்துச்சு?"

"நீங்களா!" ஊசி குத்திய கையை ஆட்ட முடியாமல் அவள் சிரித்தாள்.

"சார், பாலும் பழமும் எடுத்துக்கிட்டு இருங்க. வெறும் தண்ணின்னா உங்களுக்கும் இங்க ஒரு கட்டில் போட வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர்.

சாயங்காலம், தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அருள் திடீரென்று கத்தினான். "நனைச்சுட்டா! காயத்ரி, நனைச்சுட்டா!" யூனிஃபார்ம் சட்டை தொப்பலாகியிருந்தது. வார்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவன் சட்டையை மாற்றவே மனமில்லாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் அவள் வீடு திரும்பினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இட்லி, கஞ்சி, கீரைச் சாதம். விரதம் அவனுக்கு, சாப்பாடு அவளுக்கு. ஐந்தாம் நாள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து அருளோடு வேலை பார்க்கும் நெடுமாறன் போன் செய்தான்.

"அண்ணி, அண்ணன் கேன்டீன்ல எங்க பக்கத்துல ஒக்காந்துக்கினு வாசன மட்டும் புடிக்கிறாருங்க. எங்களுக்குத் தொண்டையில எறங்கல!"

சூரசம்ஹாரத்தன்று மழை தூறியது. உள்ளூர் முருகன் கோயில் வாசலில் குடை பிடித்து நின்றார்கள். வெறும் வாழைப்பழத்தைத் தின்றே ஆறு நாளைத் தாண்டியவர்கள் நடுவில், மூன்றே நாளில் கன்னம் ஒட்டிப்போனவன் மாதிரி அருள் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். குடை மறைவில், முந்தானைக்குள் மகள் மடக் மடக்கென்று பால் விழுங்கும் சத்தம் காயத்ரிக்குக் கேட்டது.

அடுத்த நாள் மதியம் நெடுமாறனும் ஷிஃப்ட் ஆட்களும் பெரிய பாத்திரத்தில் சாம்பார் சாதத்தோடு படியேறி வந்தார்கள். கலியம்மாள் அப்பளம் பொரித்தாள். அருள் நாலாவது தடவை தட்டை நீட்டியபோது, காயத்ரி அவனுக்குப் போட்டுவிட்டுத் தன் தட்டிலும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள்.