இரவல் போன சொல்

ரைட் என்ற இங்கிலீஷ் சொல் மலையூர்கள் சில சேர்ந்த குண்டூர் நாட்டில் வந்து இறங்கி, திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட அன்று, அது விழுந்த வாசலில் இருந்தவர்கள்: ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி, அவர் மனைவி கண்ணாயி, பக்கத்து வீட்டுப் பாவாயி, ஊருக்குச் சேதி சொல்லும் குப்புசாமி, மூன்று கால் கருவியில் ஒற்றைக் கண்ணை வைத்துக் குனிந்திருந்த சர்வே துரை. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் அன்று சேந்தமங்கலம் சந்தையில் இருந்தார்கள்.

அது துந்துபி வருஷம் மாசி மாதம். மலையை அளக்க வந்த துரைக்குக் கவுண்டர் வீட்டு வாசல்தான் உயரமான இடமாகப் பட்டது. பள்ளத்துக்கு அந்தப்புறம் எதிர்மலை உச்சியில் கொடி பிடித்து நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கவுண்டரின் ஒரே மகன் காளியண்ணன் தானே போகிறேன் என்றான். காலையில் அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு முற்றியது. “நாட்டுக்கே நாயம் சொல்ற ஊடு இது. நீ ஊரான் கொடியப் புடிக்கப் போறியா?” என்றார் அர்த்தனாரி. “புடிச்சா என்னங்கப்பா, அது என்ன அத்தன கனமாவா இருக்குது?” என்று மகன் சிரித்தான். “கனமில்ல. ஆனா அதத் தூக்குன கையோட இந்த வாசலுக்கு வராதே” என்றார் அப்பன். கொடி நேராக நின்றதும் கூவ வேண்டும் என்று துரை ‘ரைட்’ என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்திருந்தார். காளியண்ணன் உச்சியில் நின்று கூவினான். அந்தச் சொல் பள்ளத்தைத் தாண்டி வந்து, கண்ணாயி சாமை புடைத்துக்கொண்டிருந்த முறத்தில் விழுந்தது. முறம் சற்றுக் கனத்தது. துரை எண்களைக் குறித்துக்கொண்டு கருவியை மடக்கிப் பள்ளத்தைத் தாண்டிப் போனார். அங்கே காத்திருந்த அளவுக் கூட்டம் எதிர்மலையின் மறுபுறச் சரிவு வழியாக இறங்கிப் போனது. காளியண்ணனும் அவர்களோடு போனான். அவன் திரும்பி வரவில்லை. நீலகிரிப் பக்கம் கொடி பிடித்து நிற்பதைப் பார்த்ததாக உப்பு விற்க வந்தவன் ஒருமுறை சொன்னான். அதற்குமேல் அவனைப் பற்றிச் சேதி கிடையாது.

சொல் கண்ணுக்குத் தெரியாது. இருக்கிற இடத்தில் அடைகாத்த முட்டையளவு சூடு இருக்கும். கண்ணாயி அதைச் சாமையோடு கொட்டிவிடாமல், தேன் எடுக்கும் மூங்கில் குழாயில் போட்டு மெழுகு மூடியால் அடைத்தாள். மூடியைத் திறந்தால் காளியண்ணன் குரலில் ஒருமுறை ‘ரைட்’ என்று கேட்கும். மூடினால் அடங்கிவிடும். அதைத் திறக்காமல் அவள் சோற்றில் கை வைத்ததில்லை. அர்த்தனாரி அந்த நேரம் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். மாட்டைப் பார்க்க வேண்டிய நேரம்தான் அது.

குப்புசாமிதான் முதலில் இரவல் கேட்டான். தினைக்காட்டில் பன்றி இறங்கிவிட்டது, தமுக்குக்கு அசையவில்லை என்றான். கவுண்டர் வீட்டில் நெருப்பு, விதை, பொலிகாளை என்ற மூன்றையும் யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. பாட்டன் காலத்திலிருந்து சொன்னதும் இல்லை. சொல்லை எதில் சேர்ப்பது என்று நாட்டுக்கூட்டம் உட்கார்ந்து பேசியது. கொடுத்தாலும் தீராது, ஆகவே விதையில் சேர்த்தி என்று முடிவாயிற்று. குப்புசாமி குழாயைக் கொண்டுபோய்க் காட்டு வரப்பில் திறந்தான். பன்றிகள் குட்டிகளோடு வரிசையாகத் திரும்பிப் போயின. விதையை இரவல் வாங்கியவன் திருப்பும்போது ஒரு கைப்பிடி கூடுதலாக வைத்துத் தர வேண்டும். அந்த வழக்கப்படி குப்புசாமி திருப்பித் தந்த சொல்லில் ‘போ’ என்ற அர்த்தம் கூடுதலாக இருந்தது.

அதன் பிறகு நிற்கவில்லை. பாவாயி வீட்டு மாடு கன்று செத்துப் பால் இறக்க மறுத்தபோது அதன் காதோரம் திறந்தார்கள், மாடு இறக்கியது. வரப்புச் சண்டையில் அருவாளோடு நின்ற பங்காளிகள் நடுவே திறந்தார்கள். இருவரும் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டு கஞ்சி குடிக்கப் போனார்கள். தலையசைக்காமல் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் அதைக் கேட்டுத் தலையசைத்தாள். மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்த உள்ளூர்ச் செங்கோடனின் அப்பன் அதைக் கேட்டு நிம்மதியாக மூச்சை விட்டார். வழி பிரிகிற இடத்தில் வலப்பக்கம் போகச் சொன்னது. வயல் வரப்பில் நீர் வழிந்தால் ‘போதும்’ என்றது. ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி வைத்தே திருப்பினார்கள், குழாய் பருத்துவிட்டது. மலைக்கு வந்த பாரஸ்ட் ரைட்டர் ஒருவர், அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷ்காரர்களிடமே சரி, வலது, உரிமை, நேர் என்று கூடை கூடையாக அர்த்தம் உண்டு, இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்றார். மாடு பால் இறக்குகிற அர்த்தம் உண்டா என்று பாவாயி கேட்டாள். அது இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

அர்த்தம் ஏற ஏறக் குரல் தேய்ந்தது. குப்புசாமியின் இருமல் அதில் ஒட்டிக்கொண்டது. பங்காளிகளின் முரட்டுத் தொண்டை, மணப்பெண்ணின் விசும்பல், சாகிறவரின் இழுப்பு எல்லாம் சேர்ந்தன. ஒரு நாள் சோற்றுக்கு முன் மூடியைத் திறந்த கண்ணாயி கையை இழுத்துக்கொண்டாள்.

“இது நம்ம பையன் தொண்டை இல்லீங்க.”

“அதுக்கு?”

“இனி ஆருக்கும் குடுக்க வேண்டாங்க.”

“இல்லைன்னு சொன்ன ஊடு இல்ல இது.”

“அப்ப நான் கேக்கறேன். எனக்குக் குடுங்க.”

“ஊட்டுக்காரி ஊட்டுலயே இரவல் கேட்டா நாடு சிரிக்கும்” என்றார் அர்த்தனாரி. வழக்கப்படி அவர் சொன்னது சரி.

மறுநாள் கண்ணாயி அரியூர் நாட்டில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போனாள். அண்ணன் சின்னுசாமி வீட்டில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து தன் வீட்டு வேலிக்கு வெளியே நின்றாள்.

“ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?”

அர்த்தனாரி எட்டிப் பார்த்தார். “ஆரது?”

“அரியூர் நாட்டுச் சின்னுசாமி தங்கச்சிங்க. இரவல் கேக்க வந்தேனுங்க.”

பாவாயி வேலிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கவுண்டர் உள்ளே போய்க் குழாயை எடுத்து வந்து முறத்தில் வைத்தார். அந்த வீடு இல்லை என்று சொல்லாது.

கண்ணாயி அதோடு அரியூருக்கே போய்விட்டாள், திருப்பித் தரவில்லை. இரவல் கொடுத்தவர் தேடிப்போய்க் கேட்பது இழிவு. வாங்கியவர்தான் கொண்டுவர வேண்டும். ஆகவே அர்த்தனாரி கேட்கவில்லை. தானே சமைத்தார், தானே பூட்டி உழுதார். குழாய் இல்லாத குண்டூர் நாட்டார் கொஞ்ச காலம் தடுமாறினார்கள். பிறகு பன்றிக்கும் மாட்டுக்கும் பங்காளிக்கும் அந்தச் சொல்லைத் தாங்களே வாயால் சொல்லிப் பார்த்தார்கள். முன்போலப் பலிக்கவில்லை என்றாலும் காரியம் நடந்தது. இந்த மலையில் இன்று எதற்கெடுத்தாலும் ரைட்டு என்கிறார்களே, அது அப்போது தொடங்கியது. அர்த்தனாரி மட்டும் அதை ஒருமுறையும் சொன்னதில்லை.

அரியூரில் கண்ணாயி குழாயை எந்தக் காரியத்துக்கும் திறக்கவில்லை. பரணில் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கக் கிடக்க, ஒட்டியிருந்த குரல்கள் உமிபோல உதிர்ந்தன. ஆண்டுகள் போயின. ஒரு பங்குனியில் குப்புசாமி வந்து வாசலில் நின்று சொன்னான்: “கவுண்டரே, அரியூருல தொறந்து பாத்தாங்களாம், இப்ப அதுல வேற ஆரும் இல்லீங்களாம். பையன் மட்டுந்தானாம்.” அர்த்தனாரி ஏர்க்காலைச் செதுக்கிக்கொண்டிருந்தார். “அப்படியா” என்றார். அன்று செதுக்கிய ஏர்க்கால் உழவுக்கு ஆகாத அளவு மெலிந்துபோயிற்று.

அவர் போனார். இரவல் கேட்கிறவன் தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட வேண்டும்; சின்னுசாமி வீட்டு வேலிக்கு வெளியே நின்று கழற்றினார். அந்தக் குடும்பத்தில் இரவல் கேட்க வெளியே போனவர் அவருக்கு முன் யாரும் இல்லை.

“என்னங்க மாப்பிள்ளை, வெயிலுக்குத் தலப்பாக் கழட்டறீங்களா?” என்றார் சின்னுசாமி.

“இரவலுக்கு வந்தேன்.”

உள்ளேயிருந்து கண்ணாயி குரல் வந்தது. “எதுக்குன்னு கேளுங்கண்ணா. பன்னிக்கா, மாட்டுக்கா?”

அர்த்தனாரி தரையைப் பார்த்தார். குண்டூர் நாட்டில் அந்தச் சொல்லை வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு காரியம் சொல்லித்தான் வாங்கினார்கள்.

“எதுக்குமில்ல. கேக்கத்தான்” என்றார்.

கண்ணாயி குழாயை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். எதிர்மலையில் நின்று கூவியபோது இருந்த அதே இளந்தொண்டை, அதே சிரிப்போடு, ஒருமுறை சொன்னது. அர்த்தனாரி அதற்குப் பதிலாகச் சொன்னது “வா சாமி” என்பது மட்டும். குழாயிலிருந்து வந்த சொல்லுக்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை.

ஊர்க்கவுண்டர் பெண்டாட்டியைக் கெஞ்சி அழைத்து வரப்போனார், வேலியோரம் அழுதார் என்று பக்கத்து எடப்புளி நாட்டில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அவர் இரவல் கேட்கப் போனார், கிடைத்தது. பொருளைத் தொலைவுக்கு இரவல் கொடுக்கும்போது அதற்குத் துணையாகக் கொடுத்த வீட்டார் ஒருவர் கூடப் போவது வழக்கம். கண்ணாயி அப்படித்தான் குண்டூருக்கு வந்தாள். பொருள் இன்னும் திருப்பித் தரப்படவில்லை. ஆகையால் அவளும் திரும்பிப் போகவில்லை.