கை தூக்காத கோட்டுகள்

இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். என் கையிலிருக்கும் ஊசியின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இம்மியளவு பொய் கலந்தாலும் இது என் கட்டைவிரலில் ஏறட்டும். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். யார் யார் போனார்கள் என்று முகத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

என் தங்கை தையல்காரி. ஆண்களுக்குக் கோட்டு தைப்பதில் தனக்கு நிகர் தானே என்று முதலில் அவளே சொல்வாள். பிறகு நீங்களும் அதைச் சொல்லும்வரை துணியைக் கையில் தரமாட்டாள். நான் அவள் கடையில் காஜா எடுக்கிறவன், அதாவது பொத்தான் நுழைகிற ஓட்டைக்குச் சுற்றிலும் நூலால் கரை கட்டுகிறவன். அவள் மகள் கல்லூரியில் உயரம் தாண்டுகிறவள். உடம்பு வளர்வதற்கு முன்னால் கால் வளர்ந்துவிட்டதால் ஊரே அவளைக் கொக்கு என்று கூப்பிட்டது. அவள் தாண்டும்போது குறுக்குக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் குருவி பறக்காது. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டது. நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஒரு நாள் காலை, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று கடைத்தெரு முனையில் போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். பெரிய மனிதர் வரவில்லை. தடுப்பு மட்டும் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் பாதி ஊர் வெயிலில் நின்றது. கொக்குக்கு அன்று பரீட்சை. கடிகாரத்தைப் பார்த்தாள், தடுப்பைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் பின்னால் போய் ஓடிவந்து முதுகை வளைத்துத் தாண்டினாள். இறங்கிய இடம் இன்ஸ்பெக்டரின் மோட்டார் சைக்கிள் சீட்டு. இன்ஸ்பெக்டர் அப்போதுதான் அதில் உட்காரப் போனார்.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்றார்கள். அபராதம் போட்டு அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை வந்த இன்ஸ்பெக்டர், ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்தே எவ்வளவு தாண்டுவாய் என்று விசாரித்ததாகக் கேள்வி. சட்டத்துக்கு அத்தோடு வேலை முடிந்தது. ஊருக்கு அப்போதுதான் ஆரம்பித்தது.

காலையில் அவள் தாண்டியது தடுப்பை. மத்தியானம் டீக்கடையில் அது தடுப்பும் ஒரு போலீஸ்காரரும் ஆனது. சாயங்காலம் முடிவெட்டும் கடைக்கு வந்து சேர்ந்தபோது, கொக்கு சிறைச்சாலை மதிலைத் தாண்டி உள்ளே போய், தோளுக்கு ஒன்றாகக் கைதிகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி வெளியே தாண்டியிருந்தாள். போன வாரம்வரை 'நம்ம பொண்ணு' என்றவர்கள் 'அந்தத் தையல்காரி பொண்ணு' என்றார்கள். மருந்துக்கடைக்காரர் அவள் டானிக் புட்டியோடு சிரிக்கிற படத்தைக் கடையில் மாட்டியிருந்தார். அந்த டானிக்கை அவள் வாயில் வைத்ததே இல்லை. வைத்திருந்தால் தரையை விட்டே எழும்பியிருக்க மாட்டாள். அவர் படத்தைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் பித்தவெடிப்புக் களிம்பு விளம்பரம் இருந்தது. ஊர்ப் பத்திரிகை நடத்துகிறவருக்குத் தலைப்பு என்று பட்டப்பெயர். செய்தி எழுத மாட்டார், தலைப்பு மட்டும்தான் எழுதுவார். 'தாவினாள், தப்பினாள், தலைகுனிய வைத்தாள்' என்று பெரிய எழுத்தில் போட்டார். அன்று ஊரில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. எல்லோருக்கும் தலைகுனிய வேண்டியிருந்தது.

புருஷனுக்குத் தைத்த கால்சட்டையை வாங்க வந்த பக்கத்துத் தெருக்காரி, துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "ஏங்க்கா, உங்க தெருவில சுவரெல்லாம் இன்னும் கொஞ்சம் உசத்திக் கட்டச் சொல்றாங்களாமே, நெசமா?" என்று கேட்டாள். தங்கை, கால்சட்டையில் ஒரு சின்ன வேலை பாக்கி என்று சொல்லி, உள்ளே கொண்டுபோய் இரண்டு பைக்கும் அடியைப் பிரித்துவிட்டுக் கொடுத்தாள். அந்த மனிதர் இன்றைக்கும் வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டு தெருவில் நடக்கிறார்.

இது சும்மா கை பழகிக்கொண்டதுதான். பெரிய கணக்கு வேறு இருந்தது. கல்லூரியின் பெயரைக் கெடுத்துவிட்டாள், ஆகவே கொக்கை நீக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு கூடப்போவதாகச் செய்தி வந்தது. நீக்கினால் படிப்பு போகும். அடுத்த மாதம் நடக்கவிருந்த பெரிய போட்டியில் கல்லூரி சார்பாகத்தான் தாண்ட முடியும் என்பதால் அதுவும் போகும். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். அவர் கட்டிய பாலத்தில் அவரே நடக்க மாட்டார். மருந்துக்கடைக்காரரும் தலைப்பும் உறுப்பினர்கள். மற்றவர்கள் தலைவர் தும்மினால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறவர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கல்லூரி ஆண்டு விழாப் படத்துக்காக இவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலக் கோட்டு தைக்கச் சொல்லி, துணி ஏற்கெனவே என் தங்கையிடம் வந்திருந்தது. கொக்கை நீக்குகிற அன்றைக்கே படமும் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். தலைவர் கூச்சமே இல்லாமல் அளவு சரிபார்க்க வந்து நின்றார்.

"பொண்ணு விஷயம் வேற, கோட்டு விஷயம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா" என்றார்.

"குழப்பிக்கல சார். கையைக் கீழ விடுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே இருங்க."

"கையைத் தூக்கிப் பாக்க வேணாமா?"

"படத்துல கை கீழதான சார் இருக்கும்."

அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் தங்கையைப் பார்த்தேன். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளுக்கு நடுவே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் என் சட்டைக்குள் எறும்பு விடுவதற்கு முன்னால் அப்படித்தான் சிரிப்பாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரியை நிறுவியவர் ஒரு விதி வைத்திருந்தார். குழுவில் வாக்களிக்கிறவர் வலது கையைக் காதுக்கு மேலே தூக்க வேண்டும். அரைக் கை தூக்கிவிட்டு, நான் சொறியத்தான் தூக்கினேன் என்று பிறகு மாற்றிப் பேசுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். காதைத் தாண்டாத கை, கை அல்ல.

கோட்டில் கை சேருகிற வளைவை மேலே, அக்குளை ஒட்டி வெட்டினால் கை தாராளமாக எழும்பும். கீழே இறக்கி வெட்டினால் கையைத் தூக்கும்போது கோட்டு மொத்தமும் கூடவே ஏறும். என் தங்கை இறக்கினாள். இறக்கி, இறக்கி, வலது கையின் வளைவை இடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தையலுக்கு மீன்பிடிக்கிற நரம்பைப் போட்டாள். நின்றால் மன்னர் மாதிரி இருக்கும். அசைந்தால்தான் சங்கதி தெரியும்.

"அண்ணே, காஜாவை எவ்வளவு இறுக்கமா எடுக்க முடியும் உங்களால?"

"பட்டன் உள்ள போகும்மா. வெளிய வரணும்னா கோர்ட்டு ஆர்டர் வேணும்."

"அது போதும்."

அப்போது கொக்கு உள்ளே வந்தாள். சில நாட்களாக அவள் நிமிர்ந்து நடக்கவில்லை. அந்த உயரமே அவளுக்குப் பாரமாகிவிட்டது போலிருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, துண்டுத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, "அம்மா, நான் வேணா போய் மன்னிப்புக் கேட்டுடறேனே" என்றாள்.

"எதுக்கு? தாண்டுனதுக்கா? அதுக்குத்தானடி கப்பு குடுத்தாங்க."

கொக்கு என்னைப் பார்த்தாள். நான் காஜாவைப் பார்த்தேன்.

கூட்டத்தன்று எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். வராந்தாவில், ஜன்னலை ஒட்டி நின்றோம். உள்ளே நீளமான மேசையைச் சுற்றி நீலக் கோட்டுகள். ஒவ்வொருவரும் மற்றவரைவிடத் தன் கோட்டு நன்றாக இருப்பதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்தியிருந்தார்கள். தலைவர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார், தலைப்பு அதற்குத் தலைப்பு கொடுத்தார். கடைசியில், நீக்குவதற்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர்.

முதலில் அவரே தூக்கினார். கை சட்டைப் பொத்தான் உயரம் போய் நின்றது. இன்னும் கொஞ்சம் முயன்றார். கோட்டு கிளம்பி முகத்தை மூடியது. உள்ளேயிருந்து "சம்மதம்" என்று சத்தம் மட்டும் வந்தது. மருந்துக்கடைக்காரர் இடது கையால் வலது கையைத் தள்ளினார். கை போகவில்லை, அவர் நாற்காலியோடு சுழன்றார். தலைப்பு கொஞ்சம் யோசிக்கிறவர். கையைக் காதுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் காதைக் கைக்குக் கொண்டுவரலாம் என்று குனிந்தார், குனிந்தவர் நிமிரவில்லை. கோட்டைக் கழற்றலாம் என்று பார்த்தார்கள். காஜா என்னுடையது. விடவில்லை.

கல்லூரி எழுத்தர் எழுந்து சுற்றிலும் பார்த்தார். விதிப்படி காதுக்கு மேல் எழுந்த கை எதுவும் இல்லை, தீர்மானம் தோற்றது என்று அறிவித்தார். கொக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடம் இன்றும் வலிக்கிறது.

மகள் பிழைத்துவிட்டாளே, போகட்டும் என்று வேறு தாயாக இருந்தால் விட்டிருப்பாள். என் தங்கை விடவில்லை. மறுநாள் முதல் ஊர் அந்தக் கோட்டுகளைப் பார்த்தது. தலைவர் சாப்பிட மனைவி ஊட்டிவிட வேண்டியிருந்தது. மனைவிக்குப் பல வருஷக் கணக்கு பாக்கி இருந்ததால், ஊட்டும்போது அதையெல்லாம் பேசித் தீர்த்தாள். மருந்துக்கடைக்காரர் மூக்கில் ஈ உட்கார்ந்தால், வாடிக்கையாளர் யாராவது வந்து ஓட்டும்வரை அந்த ஈ அங்கேயே குடும்பம் நடத்தியது. தலைப்பு கை காட்டி நிறுத்த முடியாமல் எத்தனையோ பஸ்ஸைத் தவறவிட்டார். டீக்கடையில் சிறைச்சாலை மதில் கதை நின்று, கோட்டுக் கதை ஓட ஆரம்பித்தது. கதை சொன்னவர்கள் அதே ஆட்கள்தான்.

கடைசியில் எல்லோருமாகக் கடைக்கு வந்தார்கள், பொத்தானை வெட்டிவிடச் சொல்லி. தங்கை இஞ்ச் டேப்பை எடுத்து வாசலின் குறுக்கே கட்டினாள்.

"பெரிய மனுஷர் ஒருத்தர் வர்றாரு. அவர் போனதும் உள்ள விடறேன். அதுவரைக்கும் அந்தப் பக்கமே நில்லுங்க."

"யாரும்மா வர்றது?" என்றார் தலைவர்.

"வந்தா தெரியும்."

நீலக் கம்பளித் துணி, நல்ல வெயில். இஞ்ச் டேப்பைத் தாண்ட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. தாண்டினால் என்னென்ன பேசுவார்கள் என்று பேசியவர்களுக்குத் தெரியாதா. வேர்த்து வேர்த்து நீலச் சாயம் கழுத்தில் இறங்கியது. தங்கை மெஷினை நிறுத்திவிட்டு, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயம் காலர்வரை வந்ததும்தான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். எடுத்து, அதற்குச் சாவகாசமாக எண்ணெய் போட ஆரம்பித்தாள்.

ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது, இனி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லூரியில் நிர்வாகக் குழு வாக்களிப்பது எப்போதுமே சீட்டில் எழுதித்தான். அன்று விழுந்த எல்லாச் சீட்டிலும் 'நீக்கலாம்' என்றே எழுதியிருந்தது.