நான்கு விநாடி

“யாரும் நடக்காதீங்க!” என்று கத்திவிட்டு ஷட்டரை அழுத்தினாள் தங்கை. பிறகுதான், வீட்டில் இருப்பதே மூன்று பேர், அதில் ஒருவர் எழுந்து நடந்து பத்து நாளாகிறது என்பது உறைத்தது.

திறந்திருந்த கதவுக்கு அப்பால், கட்டிலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

“எஃப் எத்தனை வச்சிருக்க?”

“அஞ்சு புள்ளி ஆறு.”

“கல்யாணப் பொண்ணையாடி எடுக்கற, பின்னாடி இருக்கறதையெல்லாம் மங்கலாக்க? பதினாறுக்குப் போ. வாசப்படியும் தெரியணும், கடைசி மரமும் தெரியணும்.”

அவள் கல்யாணங்களுக்குப் படமெடுப்பவள். பெண்ணின் இமை மட்டும் துல்லியமாகி மற்றதெல்லாம் கரைந்துபோக வேண்டும். அந்தக் கைப்பழக்கம் இங்கே உதவவில்லை. மேசைமேல் வெள்ளை அட்டையில் வெட்டி ஒட்டிய நூலக மாடல், படத்தில் பொம்மை வீடாகத் தெரிந்தது.

இருபது வருஷமாக அண்ணன் ஓர் ஆபீசில் பிறர் வரைந்த கட்டடங்களை அட்டையில் வெட்டி ஒட்டிக் கொடுத்தான். இது ஒன்றுதான் அவனே வரைந்தது. கட்டட வடிவமைப்புப் போட்டிக்கு, படங்களும் மாடலும் இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். நேற்று டாக்டர் அண்ணியைத் தனியே கூப்பிட்டு, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போனார். அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

“ட்யூப் லைட்டை அணைச்சியா?”

“அணைச்சாச்சு. ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான்.”

“வெள்ளை அட்டை. காமிரா சொல்றத நம்பாத, சாம்பலாக்கிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் கூட்டு.”

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கினான்.

“கொஞ்சம் பேசாம இருங்களேன்,” என்றாள் அண்ணி. “அவளுக்குத் தெரியாததா?”

“அவளை விட்டா மாலை போட்டு ஆல்பமே பண்ணிடுவா.”

அண்ணி சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பார்த்தாள். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தாள், மறுபடி மணி பார்த்தாள். சீக்கிரம் முடித்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போலிருந்தது. முடிக்கவே கூடாது போலவும் இருந்தது.

ஐஎஸ்ஓ நூறு. எஃப் பதினாறு. இரண்டு விநாடி திறந்திருந்த ஷட்டர், ஒரு ஸ்டாப் கூட்டியதும் நான்கானது. பழைய பலகைத் தரை. அந்த நான்கு விநாடிக்குள் யார் கால் வைத்தாலும் காமிரா நிற்கும் ட்ரைபாட் நடுங்கி, படத்தில் நூலகம் இரண்டாகிவிடும்.

“எங்கேர்ந்து எடுக்கற?”

“மேலேர்ந்து.”

“காக்காவா புத்தகம் படிக்க வருது? கீழ இறக்குடி. வாசல்ல நிக்கற ஆளோட கண் மட்டத்துக்கு.”

காமிராவை இறக்கி, முழங்காலிட்டுப் பார்த்தாள். அட்டை மறைந்துபோய் ஓர் அறை தெரிந்தது. நுழைந்து உட்காரலாம் போலிருந்தது.

“அண்ணா, உள்ள வெளிச்சம் வருது.”

“எது வரைக்கும்?”

“பெஞ்ச்ல பாதி வரைக்கும்.”

“அவ்வளவுதான் வரணும்,” என்றான். “எடு.”

“அண்ணி, நகராதீங்க.”

டைமர் சிமிட்டி ஓய்ந்தது. ஷட்டர் திறந்தது. ஒன்று. இரண்டு. அடுத்த அறையில் நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. மூன்று. அது வெளியே வரக் காத்திருந்தாள். நான்கு.

ஷட்டர் மூடிக்கொண்டது.

திரும்பினாள். கதவருகே அண்ணி கட்டிலை நோக்கிக் கையை நீட்டியபடி, ஒரு குதிகால் தூக்கியபடி, அப்படியே நின்றிருந்தாள்.

“முடிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“முடிஞ்சுது.”

அதன்பிறகே அண்ணி ஓடினாள்.

டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுப் போனார். சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் தங்கை போனில் சொன்னாள், அமரர் ஊர்திக்கும். ‘நீங்க போயிருக்கலாமே அண்ணி’ என்பது பலமுறை வாய்வரை வந்தது. ஆனால் நகராதீங்க என்று சொன்னதே அவள்தானே. காமிராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து நின்றாள்.

“படத்தையெல்லாம் அனுப்பிட்டியா?”

“இப்ப எப்படி அண்ணி...”

“மணி ஒண்ணாகப் போகுது.” புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “பேரைச் சரியாப் போடு. ஆபீஸ் பேரைப் போட்டுத் தொலைக்காத. அவர் பேரு.”

அனுப்பினாள். பிறகு மாடலைப் பெட்டியில் இறக்கி, நான்கு பக்கமும் காகிதம் திணித்து, இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு படி இறங்கினாள். கீழே டாக்சி நின்றது.

பாதிப் படியில், மேலே ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் எதிரே வந்தார்கள். அவர்களுக்கு நடுவே காலி ஸ்ட்ரெச்சர்.

“உடையற சாமானாம்மா?” என்று முன்னால் இருந்தவர் கேட்டார்.

அவள் தலையசைத்தாள்.

ஸ்ட்ரெச்சரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

“நீங்க முதல்ல போங்க. மெதுவா.”