எடுக்கும் முன் இட்லி

மகள் ரக்ஷிதாவின் உயிருக்கு ஆஸ்பத்திரி சொன்ன விலை நான்கு பாட்டில் ரத்தம். அதுவும் இன்று சாயங்காலத்துக்குள். மாமனார் அய்யாவு இருந்திருந்தால் பேரம் பேசி மூன்றுக்கு முடித்திருப்பார். அவரோ பெங்களூர் மர்பி டவுன் வீட்டு வாசலில், மாலையோடு நாற்காலியில் பிணமாக உட்கார்ந்திருந்தார். சரளா அவருக்கு எதிரே அமர்ந்து இட்லியைப் பிட்டாள்.

தப்பு மேளம் ஒரு அடி தவறியது.

"இன்னாம்மா இது? பொணம் எடுக்கல, அடுப்பு பத்த வெக்கல, நீ துன்னுனு கீற?" என்றார் அய்யாவுவின் தம்பி நாராயணசாமி.

"ஓட்டல் இட்லிதான் சின்ன மாமா. வெறும் வயித்துல ரத்தம் எடுக்க மாட்டாங்களாம்."

கருவில் குழந்தைக்கு மூச்சு வேலை இல்லை. அதனால் இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு திறந்திருக்கும், பிறந்ததும் தானே சாத்திக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். ரக்ஷிதாவுக்கு ஆறு வயதாகியும் சாத்தவில்லை. "யாவாரம் முடிஞ்சும் ஷட்டர் எறக்காத கடை. நான் எறக்கறேன்" என்று அய்யாவு மார்தட்டி, உல்சூர் மார்க்கெட்டில் ரத்தம் கொடுக்க நான்கு வெங்காய வியாபாரிகளைப் பேசி மடக்கி வைத்திருந்தார். ஓட்டையே இல்லாத அவர் இதயம் நேற்று நின்றுபோனது. துக்கம் தாளாமல் நால்வரும் காலையிலேயே குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். குடித்தவன் ரத்தம் செல்லாது.

"ஆபரேசன தள்ளிப் போடு. கருமாதி முடியட்டும். தீட்டோட போவாத."

"நாளைய தேதிக்கே எட்டு மாசம் காத்துனு கெடந்தோம். ஓட்டைக்குத் தீட்டு தெரியுமா?"

"அண்ணன் இருந்திருந்தா..."

"அவரே சட்னி ஊத்தியிருப்பாரு."

கொள்ளி வைக்கவேண்டிய விக்கி, அவள் கணவன், சாம்பார் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினான்.

சரளா பெண்கள் பக்கம் திரும்பினாள். "நம்மள எப்படியும் சுடுகாட்டுக்கு உடமாட்டாங்க. ரத்தம் குடுக்க கூட வர்றவங்க துன்னுங்க."

பக்கத்து வீட்டு சாந்தகுமாரி மூக்கைச் சிந்திவிட்டுக் கையைக் கழுவினாள். "ரெண்டு போதுமா, நாலு துன்னணுமா?" அவள் மகளும் வந்து உட்கார்ந்தாள்.

பாடை ஒரு பக்கம் போக, ஆட்டோ மறுபக்கம் போனது.

ரத்த வங்கியில் மூன்று பெண்களும் கொடுத்து முடித்தார்கள்.

"இன்னொந்து பேக்கம்மா" என்று இன்னும் ஒன்று கேட்டாள் கன்னட நர்ஸ்.

சரளா மற்றக் கையை நீட்டினாள். நர்ஸ் முறைத்தாள்.

வாசலில் நாராயணசாமி நின்றிருந்தார். சுடுகாட்டிலிருந்து வந்து முழுகிய தலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"குடிச்சிருக்கீங்களா?" என்றாள் சரளா.

"பச்சத் தண்ணி கூட இல்ல."

"சாப்ட்டீங்களா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டின் முடிச்சை அவிழ்த்து ஒரு பன்னை எடுத்தார்.

நாலில் மூன்று வரவு. பாக்கி ஒன்று, பன் மென்றுகொண்டிருந்தது.