எழுத்தாய் வந்த பேச்சு

படுக்கை விரிப்பின் ஓரம் நேராக இருக்க வேண்டும். ஒரு மூலை சுருண்டு போனாலும் சூடான உருளைகளுக்குள் நுழைந்து வெளியே வரும்போது குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். ஹோட்டல்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் குணவதி இடது மூலையையும் வேதவள்ளி வலது மூலையையும் பிடித்து, ஒன்றாக உதறி, ஒன்றாக உருளைக்கு முன்னே ஓடும் பட்டையில் வைப்பார்கள். ஈரத்துணி ஆவி பறக்க உள்ளே போய், மறுபக்கம் அட்டைபோல விறைத்து வெளியே வரும். அங்கே நின்று மடித்து அடுக்குவது சமோவாக்காரி லோசாவின் வேலை.

பாபகூராவில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது அந்தச் சலவை ஆலை. துவைக்கும் இயந்திரங்கள் ஒரு வரிசை, உலர்த்திகள் இன்னொரு வரிசை, தலைக்கு மேலே ஆவி உறிஞ்சும் விசிறிகள். குணவதி அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவள் மகள் நிசாந்தினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கே ஒரு குழந்தை இருக்கிறது, வெலிங்டனில்.

வேதவள்ளி ஈப்போவிலிருந்து வந்தவள். குணவதியைவிட இளையவள். வாய் ஓயாது. விரிப்பை உதறும்போது ஒரு பேச்சு, வைக்கும்போது ஒரு பேச்சு. குணவதி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்ற பொருளில் "ஓம்" என்பாள். புருவம் உயர்ந்தால் "அட" என்பாள். சிரித்தால் சிரிப்பாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. வேதவள்ளி சொல்வதில் ஒரு சொல்கூட அவள் காதில் விழுவதில்லை.

முதலில் மைக்ரோவேவ் அடிக்கும் மணி கேட்காமல் போனது. பிறகு பெண்களின் குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல மங்கின. வயசு என்று நினைத்துக்கொண்டாள். வெளியே சொல்லப் பயம். முழங்கால் வலி என்று கந்தோரில் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்ன டொங்கா நாட்டு மனிதர் ஒருவரைத் துணி தரம்பிரிக்கப் போட்டார்கள். குளிர்காலம் முடிந்தபோது அவர் அங்கே இல்லை.

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருந்தது. கொஞ்ச நாளாக வேதவள்ளி பேசுவதே இல்லை. பிளாட் புஷ்ஷில் அவள் புது வீட்டுக் குடிபூரலுக்குக் குணவதியும் கணவர் இராசநாயகமும் போயிருந்தார்கள். பட்டுச் சேலை, கையில் பரிசுக்கு ஒரு குக்கர். வாசலில் வரவேற்ற வேதவள்ளி அவள் கைகளைப் பார்த்தாள், பின்னால் காரைப் பார்த்தாள், முகம் அப்படியே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து விரிப்பின் வலது மூலையில் இருப்பவள் வாயே திறப்பதில்லை. ஏன் என்று குணவதிக்கு விளங்கவில்லை. கேட்டாலும் பதில் காதில் விழப்போவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலைத் தேநீர் இடைவேளையில் செல்வராஜைச் சுற்றிக் கூட்டம். வண்டியில் துணி ஏற்றும் மதுரைக்காரன் அவன். புதிதாக ஏதாவது போன் வெளிவந்தால் அன்று அவன் வேலைக்கு வரமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை விடியும் முன்னே பக்குரங்கா பிளாசாவில் வரிசையில் நின்று வாங்கியிருந்தான்.

குணவதி தேநீர்க் கோப்பையோடு மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். செல்வராஜ் போனைப் புத்தகம்போல விரித்தான். எல்லார் வாயும் திறந்தது. ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பாதைக்கு அப்பால் நின்ற காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னத் தாளைப் படமெடுத்துக் காட்டினான். லோசா அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய்க் குழாய்க்கடியில் பிடித்தாள். செல்வராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. லோசா அதை ஏப்ரனில் துடைத்து, அதற்கு ஒரு முத்தம் கொடுத்துத் திருப்பித் தந்தாள்.

பிறகு அவன் ஏதோ ஒன்றை அழுத்தி, போனை மேசை நடுவில் சாய்த்து வைத்தான். திரை குணவதியின் பக்கம் இருந்தது. அதில் தமிழ் எழுத்துகள் ஓடின.

"வேதா அக்கா எதாச்சும் பேசுங்க இது அப்படியே எழுதிக் காட்டும்."

குணவதி நிமிர்ந்து பார்த்தாள். செல்வராஜின் வாய் அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தது. குனிந்து திரையைப் பார்த்தாள்.

"நான் என்னா பேசறது."

வேதவள்ளியின் வாய் அசைந்திருந்தது. குணவதி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வடை கொண்டாரேன்னு சொல்லிட்டு குக்கரோட வந்தவங்களப் பத்திப் பேசட்டுமா."

"வடையா? என்ன வடை?" என்றாள் குணவதி.

மேசையைச் சுற்றி எல்லாரும் திரும்பினார்கள். அவள் தானாக ஒரு கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை. வேதவள்ளி சிவந்துபோனாள். வாய் வேகமாக அசைந்தது. எழுத்துகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடின.

"என்ன வடைன்னு கேக்குறாங்க பாருங்கலா. வீட்டுக்குக் குடிபோறப்ப அம்பது பேருக்கு உளுந்து வடை சுட்டுக் கொண்டாறீங்களாக்கான்னு கேட்டேன். ஓம்னாங்க. நெஜமாவான்னேன். ஓம் ஓம்னாங்க. சமையல்காரங்கிட்ட வடை வேணாம்னு சொல்லிட்டேன். என் மாமியார் இன்னும் வடை எங்கேன்னு கேக்குறாங்க."

குணவதி கடைசி எழுத்து வரை படித்தாள். இன்னொருமுறை படித்தாள். கை தானாக வாய்க்குப் போனது.

"ஐயோ வேதா. எனக்குக் கேக்கேல்லையம்மா."

"என்னாக்கா கேக்கல?"

"நீங்கள் கதைக்கிறது ஒண்டுமே கேக்கிறேல்லை. கன காலமா. ஓம் எண்டு சொன்னால் பிரச்சினை வராது எண்டுதான் சொன்னனான்."

குணவதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெறுமையாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக எழுத்துகள் வந்தன.

"அப்போ என் நாத்தனார் கதை?"

"தெரியாது."

"என் வீட்டுக்காரரு நகையை அடகு வச்சது?"

"எப்ப வச்சவர்?"

"ஐயையோ. அத்தனை ரகசியம் சொல்லியிருக்கேன். குணாக்கா வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளிய போகலையே, எப்பேர்ப்பட்ட மனுஷின்னு பெருமையா நெனச்சிட்டிருந்தேனே!"

முதலில் சிரித்தது செல்வராஜ். அவன் லோசாவுக்கு ஆங்கிலத்தில் விளக்க, லோசா மேசையைக் கையால் அடித்துக்கொண்டு சிரித்தாள். வேதவள்ளி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். எழுந்து சுற்றி வந்து குணவதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குணவதியும் சிரித்தாள். யார் முகத்தையும் பார்த்து அல்ல. சிரிப்பு வந்ததால் சிரித்தாள்.

அதன்பிறகு எல்லாருக்கும் அவளோடு பேச வேண்டியிருந்தது. லோசா ஆங்கிலத்தில் சொன்னதைப் போன் தமிழில் எழுதியது: "நீங்கள் என்னைப் பிடிக்காதவர் என்று எண்ணியிருந்தேன், சகோதரி." குணவதி தலையை ஆட்டி மறுத்ததும், லோசா அடுத்துச் சொன்னதை "இனிப்புப் போல" என்று எழுதியது. இனிப்பா? எல்லாரும் விழித்தார்கள். இங்கே சரி என்பதற்குச் சொல்லும் 'ஸ்வீட் ஆஸ்' அது என்று கண்டுபிடித்ததும் இன்னொரு சிரிப்பு. குணவதி "ஓம்" என்றாள். போன் பெரிய எழுத்தில் 'ௐ' என்று எழுதியது.

"அக்கா பேசினா போனே சாமி கும்பிடுது!" என்று செல்வராஜ் கத்தினான். அது குணவதிக்குத் திரை இல்லாமலே கேட்டது.

வேலைக்குத் திரும்பும்போது அவள் வேதவள்ளியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கந்தோரிலை சொல்லிப்போடாதேங்கோ. மிசினிலை நிக்க விடமாட்டாங்கள்."

வேதவள்ளி அவள் முகத்துக்கு நேரே வந்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டைக் குவித்து விரித்துச் சொன்னாள். "ஒளிச்சு வச்சா, ஒரு நாள் மிஷின் கைய இழுத்துரும். நாங்க கூட வரோம்."

அந்த வாரம் முழுக்கக் குணவதி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வேதவள்ளி சும்மா இருக்கவில்லை. இராசநாயகத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

இராசநாயகம் பார்சல் வண்டி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர் என்று குணவதி நினைத்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் அவர் ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்து, மேசையில் வைத்து, அசடு வழிய நின்றார். செல்வராஜ் வைத்திருந்த அதே வகைப் போன். நிசாந்தினியை வீடியோவில் கூப்பிட்டு, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்டுக் கேட்டு அமைத்தார்கள். நிசாந்தினி வழக்கம்போல ஆங்கிலத்தில் பேசினாள். அடியில் தமிழ் ஓடியது.

"அம்மா, நான் பேசுவதில் உங்களுக்கு விருப்பம் இல்லையென்று நினைத்தேன். நீங்கள் எப்போதும் அப்பாவிடம் போனைக் கொடுத்துவிடுவீர்கள்."

"குரல்களிலை உன்ரைதான் பிள்ளை எனக்கு முதல்லை போனது," என்றாள் குணவதி. மகள் மூக்கை உறிஞ்சினாள். பேரன் குறுக்கே புகுந்து போனை நக்கினான். "ப்ப்ப்பா" என்று திரை எழுதியது. குணவதியும் இராசநாயகமும் அதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

அன்றைய சாப்பாட்டின்போது போன் தண்ணீர்க் குவளையில் சாய்ந்து நின்றது. குணவதி குழம்பை ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு வரி வந்தது.

"இண்டைக்கும் உப்புக் காணாது."

குணவதி நிமிர்ந்தாள். இராசநாயகம் தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ. இண்டைக்கும் எண்டால்?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். போனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "நான் சும்மா... எனக்குள்ளை சொல்லிக்கொண்டனான்."

"எத்தினை காலமா உங்களுக்குள்ளை சொல்லிக்கொள்ளுறியள்?"

அவர் எழுந்துபோய் உப்புப் போத்தலை எடுத்துவந்தார். குணவதி வயிறு குலுங்கச் சிரித்தாள். அவரும் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பைப் போன் எப்படி எழுதுவதென்று தெரியாமல் மூன்று புள்ளிகளை வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் உளுந்தை ஊறப்போட்டாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் இரண்டு பெரிய பாத்திரங்கள் நிறைய வடை இருந்தது. வேதவள்ளி ஒரு டப்பாவில் மாமியாருக்கு முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் மற்றவர்களைத் தொடவிட்டாள். லோசா வடையின் ஓட்டைக்குள் விரலை விட்டு மோதிரம்போலக் காட்டினாள். வடை தீரும் முன்னே வேதவள்ளி குணவதியின் ஒரு கையையும் லோசா மறு கையையும் பிடித்தார்கள். செல்வராஜ் குணவதியின் போனைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தான். அப்படித்தான் அவர்கள் கந்தோருக்குள் போனார்கள்.

மேற்பார்வையாளர் கிரெய்க் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேதவள்ளி பேசினாள். அது முடியும்வரை குணவதி தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வராஜ் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டியபோதுதான் நிமிர்ந்தாள்.

"முன்பே சொல்லியிருக்கலாமே. நீங்கள் எங்கள் மிகச் சிறந்த பணியாளர்களில் ஒருவர். உங்கள் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை."

குணவதி அதைத் தொட்டுப் பார்த்தாள், எழுத்துகள் அழிந்துவிடுமோ என்பதுபோல. கிரெய்க் எழுந்து வந்து, தன் பேச்சு வேறு எழுத்தில் நிற்பதை ஆசையோடு பார்த்தார். இதில் என் பெயர் எப்படி இருக்கும் என்று கேட்டார். செல்வராஜ் எழுதிக் காட்டியதும் அதைப் படமெடுத்துக்கொண்டார். வேலைத் தளத்தில் போன் கூடாதென்பது விதி. ஆனாலும் குணவதிக்கு மட்டும் விலக்கு என்றார். அபாய மணி அடித்தால் திரை மின்னிக் காட்டும் என்று செல்வராஜ் விளக்கியபோது, "அருமை, பாதுகாப்புக்கும் நல்லது" என்றார். அவரே ஒரு கம்பித் தாங்கியைத் தேடி எடுத்துவந்து, உருளை இயந்திரத்தின் பக்கத்தில் திருகி, போனை அதில் பொருத்தினார்.

குணவதி இடது மூலைக்குப் போய் நின்றாள். தோள்கள் லேசாக இருந்தன. வலது மூலையிலிருந்து வேதவள்ளி கண்ணடித்தாள். லோசா மறுபக்கத்திலிருந்து இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினாள். கிரெய்க் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். உருளைகள் சுழன்றன. பின்னால் உலர்த்திகளும் மேலே விசிறிகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. வேதவள்ளி போனைப் பார்த்து வாயைப் பெரிதாகத் திறந்து ஏதோ கத்தினாள்.

திரையில் அவள் சொன்னது வரவில்லை. எழுத்துகள் எல்லாம் போய்த் திரை முழுக்கச் சிவந்தது. நடுவில் மஞ்சளில் ஒரு காது வரைந்திருந்தது. அதன் அடியில்:

"இங்கே சத்தம் அபாய அளவைத் தாண்டியுள்ளது. இந்த இடத்தில் தொடர்ந்து இருந்தால் உங்கள் செவிப்புலன் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். உடனே விலகிச் செல்லவும்."

குணவதி படித்தாள். வேதவள்ளி கழுத்தை நீட்டிப் படித்தாள். அவள் வாய் திறந்தபடியே நின்றது.

கிரெய்க் அருகில் வந்து திரையைக் குனிந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நல்லா வேலை செய்யுதா என்று கேட்பதுபோலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவர்கள் முன்னால் அடுத்த விரிப்பு ஈரமாக வந்து விழுந்தது.